சலுகை கொடுத்தால் தாதியின் தரம் குறையுமா?

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் தாதியருக்கான கலப்பு முறைப் பாடநெறி ஒன்றில் இரண்டு வருடமாக விரிவுரை செய்கிறேன். விரிவுரையும் வினாடிவினாவும் இணையத்தில். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நேரடிச் செயன்முறை. மொத்தம் 41 பேர். அவர்களில் மூவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒருவர் வைத்தியசாலை விடுதியில் கெட்டிக்காரி, சிஸ்ரர்மாரே புகழ்வார்கள். ஆனால் இணைய வினாடிவினாவில் மூன்று தரமும் கோட்டை விட்டுவிட்டார். இன்னொருவர் சூம் வகுப்பில் கமெராவைப் போடமாட்டார், கேட்டாலும் பதில் வராது. ஆனால் எழுதித் தரும் விடை எல்லாரையும் விடத் தெளிவாக இருக்கும். கடைசி நேரத்தில், வெள்ளி இரவு பத்தரைக்கு வட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடக் குரல் பதிவு போட்டு இடத்தையோ நேரத்தையோ மாற்றினால், செயன்முறைக்கே வரமாட்டார். மூன்றாமவர் ஒப்படையை ஒருநாளும் உரிய திகதியில் தந்ததில்லை. டிஸ்லெக்சியா (வாசிப்புச் சிரமம்), ஓட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடு) பற்றியெல்லாம் தேடி வாசித்தேன். அதுதானோ என்று மனம் சொல்கிறது. இவர்களைச் சோதிக்க யாரிடம் அனுப்புவது? எங்கள் துறைத் தலைவர், "இது உயிரோடு சம்பந்தப்பட்ட தொழில், இதில் சலுகை கிடையாது" என்கிறார். அவர் சொல்வதும் எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. நான் என்ன செய்ய?

பதில்:

உங்கள் துறைத் தலைவரின் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். அது வெறும் பிடிவாதம் இல்லை. மருந்தின் அளவைப் பிழையாகக் கணக்கிடும் தாதியை யாரும் தன் பிள்ளையின் கட்டிலருகில் விடமாட்டார். ஆனால் "சலுகை" என்ற சொல்லை அவர் எந்த இடத்தில் வைக்கிறார் என்பதுதான் கேள்வி.

ஒருநாள் காலை அவரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு விடுதிக்குள் போய் நின்று பாருங்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும் தாதி எதையும் நினைவில் வைத்துக் கொடுப்பதில்லை. நோயாளியின் பதிவேடான பெட் ஹெட் டிக்கற்றைத் திறக்கிறார், மருந்து அட்டையைப் பார்க்கிறார், பெயரைக் கேட்கிறார், கையிலுள்ள பட்டியைப் பார்க்கிறார். ஆபத்தான மருந்து என்றால் இன்னொரு தாதியைக் கூப்பிட்டு இருவருமாகக் கணக்குப் பார்க்கிறார்கள். கடமை மாறும்போது நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று நாலு படியில் நோயாளியை ஒப்படைக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கிறோமே, அது அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் இருந்து வைத்தியசாலைக்கு வந்தது. பதற்றத்தில் மனிதர் விஷயத்தை மாறிச் சொல்வார்கள் என்று தெரிந்துதான் அந்தப் படிகளை வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு. இருபது வருட அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் நின்றாலும் அதை வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். ஒத்த பெயருள்ள மருந்துகளை, உதாரணமாக டோபமினையும் டொபியூட்டமினையும், எழுதும்போது வேறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிய ஆங்கில எழுத்தில் அச்சிடுகிறார்கள். இவற்றுக்கெல்லாம் சலுகை என்று பெயர் வைத்தது யார்?

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மறதி, கவனச் சிதறல், எழுத்துக் குழப்பம், பதற்றம் எல்லாம் மனித மூளையின் வழமை என்று ஒப்புக்கொண்டு கட்டிய இடம் விடுதி. நாங்கள் நடத்தும் பாடநெறிதான் அப்படிக் கட்டப்படவில்லை. உங்கள் மூவரும் விடுதியில் நிமிர்ந்து நின்று, கணினித் திரைக்கு முன்னால் சரிகிறார்கள் என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது திரையைத்தான்.

முதலாமவரின் வினாடிவினாவைப் பார்ப்போம். நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய வினாடிவினாத் திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 30 நிமிடத்தில் 30 கேள்வி. ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. அடுத்ததற்குப் போனால் திரும்பி வர வழியில்லை. மேல் மூலையில் கடிகாரம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஏழாவது கேள்வி ஏறக்குறைய இப்படிப் போகிறது: முல்லைத்தீவில் இருந்து இரண்டு நாள் காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்ட, இதற்கு முன் வலிப்பு வந்திராத, 12 கிலோ நிறையுள்ள, மூன்று வயதுப் பிள்ளைக்கு வைத்தியர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பரசிற்றமோல் எழுதியிருக்க, விடுதியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் கொண்ட பாணி மட்டுமே இருக்குமாயின், கொடுக்க வேண்டியது எத்தனை மில்லிலீற்றர்? அதுவும் ஆங்கிலத்தில், ஒரே வசனத்தில்.

கணக்கு சின்னது. 12ஐ 15ஆல் பெருக்கினால் 180 மில்லிகிராம். 120இல் 5 மில்லிலீற்றர் என்றால் 180இல் 7.5. அந்தப் பெண் இதை விடுதியில் நாளுக்குப் பத்துத் தரம் செய்கிறவர். ஆனால் இந்தக் கேள்வி அவரிடம் கணக்கையா கேட்கிறது? நாலு இலக்கங்களையும் பல தேவையற்ற விவரங்களையும் தலையில் தாங்கிக்கொண்டு, நீண்ட ஆங்கில வசனம் ஒன்றின் வினைச்சொல் எங்கே என்று ஒரு நிமிடத்துக்குள் தேடச் சொல்கிறது. வாசிப்பு மெதுவான ஒருவருக்குக் கணக்குக்குப் போகும் முன்னரே நேரம் முடிந்துவிடும். நீங்கள் போடும் புள்ளி மருந்துக் கணக்குக்கு என்று பெயர் எடுக்கும். உண்மையில் அது ஆங்கில வாசிப்பு வேகத்துக்கான புள்ளி.

அதே கேள்வியை ஒரு மருந்து அட்டை போல வரைந்து கொடுங்கள். நிறை: 12 கிலோ. கட்டளை: கிலோவுக்கு 15 மில்லிகிராம். கையிருப்பு: 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். எவ்வளவு கொடுப்பீர்? ஒவ்வொன்றும் தனித்தனி வரியில். கேள்வி லேசாகிவிட்டதா? இல்லை, விடை அதே 7.5தான். தேவையற்ற விவரங்களுக்குள் இருந்து தேவையானதைத் தெரிந்தெடுக்கும் திறனும் வேண்டும் என்றால் அதற்குத் தனிக் கேள்வி வையுங்கள், அதற்குரிய நேரத்தோடு. இலக்கங்களை எழுதும்போது .5 என்று விடாமல் 0.5 என்றும், 5.0 என்று நீட்டாமல் 5 என்றும் எழுதுங்கள். தசமப் புள்ளி கண்ணில் படாவிட்டால் அளவு பத்து மடங்கு மாறிவிடும் என்று விடுதியில் சொல்லிக்கொடுக்கிறோம். வினாத்தாளில் மட்டும் மறந்துவிடுகிறோம்.

நேரத்தைப் பற்றி. பிரித்தானியா போன்ற இடங்களில் சான்றிதழ் உள்ள மாணவருக்கு நாலில் ஒரு பங்கு மேலதிக நேரம் கொடுப்பது வழமை. நீங்கள் பயன்படுத்தும் மூடில் என்ற இணையக் கற்றல் தளத்திலும் ஒரு தனி மாணவருக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிவிடும் வசதி வினாடிவினா அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நான் அதை முதலில் தொடமாட்டேன். 41 பேருக்கும் 50 நிமிடம் கொடுத்துவிடுங்கள். 25 நிமிடத்தில் முடிப்பவர் முடித்துவிட்டுப் போகட்டும். திரும்பிப் போய்ப் பார்க்கும் வழியைத் திறந்துவிடுங்கள். இன்னொன்றும் யோசியுங்கள். புதுக்குடியிருப்பிலோ துணுக்காயிலோ சிக்னல் அறுந்தால் மூடிலின் கடிகாரம் நிற்காது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். மழை நாளில் கரண்ட் போனவருக்கும் வாசிப்பு மெதுவானவருக்கும் ஒரே மருந்துதான், கூடுதல் நேரம். ஒருவர் தன் குறையை எழுதி விண்ணப்பித்து வாங்க வேண்டிய ஒன்றை எல்லாருக்கும் பொதுவாக வைத்துவிட்டால் விண்ணப்பமே வேண்டாம். எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு என்று அமெரிக்காவின் காஸ்ற் நிறுவனம் பல காலமாகச் சொல்லி வருவதன் சாரமும் கிட்டத்தட்ட இதுதான். விஷயத்தைப் பல வழிகளில் கொடு, தெரிந்ததைப் பல வழிகளில் காட்ட விடு, ஈடுபாட்டுக்குப் பல வாசல் வை.

சரி, இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. எனக்கு இடது வலது குழம்பும், இன்றைக்கும்தான். மாணவத் தாதியாக இருந்தபோது செயன்முறைப் பரீட்சையில் "இடது தொடையில் ஊசி போடும்" என்றார்கள். கால்மாட்டில் நின்றவள் நான். நோயாளியின் இடது என் வலது. ஒரு விநாடி கையை உயர்த்தி, பேனை பிடிப்பது போல விரலை மடித்துப் பார்த்தேன், எழுதும் கை எது என்று தெரிந்துகொள்ள. பரீட்சகர் கண்டுவிட்டார். "இடது எது என்று தெரியாத ஆள் எப்படித் தாதியாகிறது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஊசியைச் சரியான தொடையில்தான் போட்டேன். ஆனாலும் அந்த நிலையத்தில், அதாவது பரீட்சையின் அந்தச் செயன்முறைப் பகுதியில், புள்ளி இல்லை. பிறகு சத்திரசிகிச்சைக் கூடத்தில் வேலைக்குப் போனபோது பார்த்தால், வெட்ட வேண்டிய பக்கத்தில் மையால் அடையாளம் போடுவது அங்கே கட்டாயம். என்னைப் போல விரலை மடித்துப் பார்க்கிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. உங்கள் மாணவி வினாத்தாளின் ஓரத்தில் விரலை வைத்து வாசித்தாலோ, கணக்கை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலோ அதற்குப் புள்ளி குறைக்காதீர்கள். பிழை விடாமல் இருப்பதற்கு அவர் கண்டுபிடித்த வழி அது.

டிஸ்லெக்சியாவா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கலாம். தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒட்டியே போகும், ஆங்கிலத்தில் அப்படியில்லை. அதனால் தமிழ் மொழி மூலம் உயர்தரம் வரை படித்து வந்த ஒருவரிடம் இது "கொஞ்சம் மெதுவாக வாசிக்கிற பிள்ளை" என்ற அளவில் மறைந்தே இருந்துவிட்டு, பாடம் முழுக்க ஆங்கிலமாகும்போது வெளியே வரக்கூடும். ஆனால் வெறுமனே ஆங்கிலம் போதாமலும் இருக்கலாம். உங்களிடம் இருக்கும் எளிய வழி, அதே கேள்விகளில் ஐந்தைத் தமிழில் கொடுத்து அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து கேட்பது. தமிழிலும் தடக்கினால் ஒரு கதை, தமிழில் வழுக்கிக்கொண்டு போனால் இன்னொரு கதை. அது நோயறிதல் இல்லை. எந்தப் பக்கம் உதவி வேண்டும் என்பதை அது காட்டும்.

குறிப்புகளைப் பற்றி ஒரு முறைப்பாடு சொல்லாமல் விட முடியவில்லை. எங்கள் பக்கத்துப் பாடநெறிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது பத்து வருடத்துக்கு முந்திய பட்ச் அண்ணாமார் விட்டுப்போன ஸ்கான் பி.டி.எப். கோப்புகள். சரிந்த பக்கம், ஓரத்தில் யாரோ கிறுக்கிய பேனைக்கோடு. அது எழுத்தே இல்லை, படம். போனில் வாசித்துக்காட்டும் வசதியைப் போட்டால் அதனால் ஒரு சொல்லும் வாசிக்க முடியாது. தட்டச்சில் உள்ள வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் போனே வாசித்துக்காட்டும்; முல்லைத்தீவில் இருந்து பரந்தன் வரும் பேருந்தில் காதில் போட்டுக்கொண்டு வரலாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள், வரிகளுக்கிடையில் இடம் விடுங்கள். டிஸ்லெக்சியாவுக்கென்று விசேஷ எழுத்துரு இருக்கிறதாம் என்று யாராவது சொன்னால் அதற்காக மினக்கெட வேண்டாம். அவை வாசிப்பை மேம்படுத்துவதாக ஆய்வுகளில் உறுதிப்படவில்லை. அதே போல, "இவர் பார்த்துப் படிக்கிறவர், அவர் கேட்டுப் படிக்கிறவர்" என்று பிரிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ஆசிரியர் பயிற்சிகளில் இன்னும் சொல்லப்படுகிறது, ஆதாரம் மெலிவு. எல்லாருக்கும் இரண்டும் கிடைக்கட்டும்.

இரண்டாமவருக்கு வருகிறேன். கமெராவைக் கட்டாயப்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். திரையில் நாற்பது முகம், தன் முகமும் அதில் ஒன்று, யார் தன்னைப் பார்க்கிறார் என்று தெரியாது. சிலருக்கு அது இரைச்சல் நிறைந்த சந்தைக்குள் நிற்பது மாதிரி. வன்னியில் இன்னொரு காரணமும் உண்டு. பின்னால் தெரியும் வீட்டைக் காட்ட விரும்பாதவர்கள், டேட்டாவை மிச்சம் பிடிப்பவர்கள். ஆள் இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வியைப் போட்டு, விடையைத் தட்டச்சில் அனுப்பச் சொல்லுங்கள். பேசுவதும் பங்கேற்பு, எழுதுவதும் பங்கேற்பு. திடீரென்று பெயர் சொல்லிக் கேட்பதை விட்டு, "அடுத்த கிழமை உம்மிடம் இந்தக் கேள்வியைக் கேட்பேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் வாய் திறக்கவும் கூடும்.

இடம் மாறினால் வராமல் விடுகிறார் என்கிறீர்கள். மாற்றத்தை அவருக்கு எப்படி அறிவித்தீர்கள்? உங்கள் கடிதத்தின்படி, வெள்ளிக்கிழமை இரவு பத்தரைக்கு வட்ஸ்அப் குழுவில் ஐந்து நிமிடக் குரல் பதிவு. அதற்குக் கீழே முப்பது பேர் கும்பிடும் கை போட்டிருப்பார்கள். இதை ஓட்டிசம் இல்லாத நானும் தவறவிட்டிருப்பேன். அறிவித்தல் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், அது மூடிலின் முதல் பக்கம். வட்ஸ்அப்பில் அதன் இணைப்பு மட்டும். எழுத்தில், மூன்று வரி: என்ன மாறியது, எங்கே, எத்தனை மணிக்கு, என்ன மாறவில்லை என்பதையும் சேர்த்து. புதிய அறை என்றால் வாசலின் படம் ஒன்று. ஒவ்வொரு கிழமையின் பக்கமும் ஒரே அமைப்பில் இருக்கட்டும். இந்தக் கிழமை வாசிக்க வேண்டியது, செய்ய வேண்டியது, ஒப்படைக்க வேண்டியது என்ற அதே ஒழுங்கு, அதே இடம். விடுதியில் அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பது போல.

செயன்முறைப் பரீட்சையில் புள்ளி போடும் தாளையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். "கண்ணைப் பார்த்துப் பேசினார்" என்று ஒரு வரி இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். "இயல்பாக உரையாடினார்" என்று இன்னொன்று. இயல்பு என்றால் என்ன? அதை எழுதுங்கள்: தன் பெயரைச் சொன்னார், நோயாளியின் பெயரைக் கேட்டார், செய்யப்போவதைச் சொன்னார், சம்மதம் கேட்டார், நோயாளி சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தினார். கண்ணைப் பார்த்தாலும் நோயாளி சொன்னது காதில் ஏறாத தாதியரை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். எதிர்பார்ப்பு எழுத்தில் இருந்தால் ஓட்டிசம் உள்ளவர் அதைப் பிசகாமல் செய்யக்கூடும். சில நேரம் மற்றவர்களை விடச் சிறப்பாக. பரீட்சைக்கு முதல் சனிக்கிழமை நிலையங்களை எல்லாருக்கும் ஒருதரம் சுற்றிக்காட்டுங்கள், மணி எப்படி அடிக்கும் என்பது உட்பட. கேள்வியை அல்ல, இடத்தை. காத்திருக்க ஒரு அமைதியான அறை கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாமவரின் விஷயத்தில் பலர் செய்யும் பிழை, மனமிரங்கித் திகதியைத் தள்ளிக்கொண்டே போவது. கவனக் குறைபாடு உள்ளவருக்கு எல்லையில்லாத கால நீடிப்பு போல மோசமான உதவி வேறில்லை. ஆறு கிழமை கழித்து 3,000 சொல் என்றால் அவருக்கு அது இல்லாத திகதி. இன்று, இன்றில்லை என்ற இரண்டு நாள்தான் அவருடைய நாட்காட்டியில் உண்டு. ஆகவே ஒப்படையைத் துண்டாக்குங்கள். இரண்டாம் கிழமை தலைப்பும் தெரிந்தெடுத்த நோயாளியின் பிரச்சினையும், ஐந்து வரி. நாலாம் கிழமை அரைப் பக்கத் திட்டம். ஐந்தாம் கிழமை முதல் பகுதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று புள்ளி. முடிவுத் திகதிக்குப் பிறகு 48 மணித்தியாலம் எல்லாருக்கும் கேள்வி கேட்காமல் கிடைக்கட்டும், அதற்குப் பிறகு கதவு மூடப்படட்டும். இவர்கள் இரவுக் கடமை முடித்துவிட்டுப் படிக்கிறவர்கள் என்பதையும் மறக்காதீர்கள்; கடமை அட்டவணை வந்த பிறகு திகதியை வைத்தால் முறைப்பாட்டில் பாதி தானாகக் குறையும்.

அவருக்கு இன்னுமொன்று உதவலாம். வியாழன் இரவு எட்டில் இருந்து ஒன்பதரை வரை சூமைத் திறந்து வைத்துவிடுங்கள். விரிவுரை இல்லை, கதை இல்லை. வந்தவர்கள் தங்கள் தங்கள் வேலையைச் செய்வார்கள், நீங்களும் உங்கள் விடைத்தாள்களைத் திருத்துங்கள். பக்கத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தால் தானும் தொடங்கிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இதை ஏதோ புதுமை என்று வெளிநாட்டில் எழுதுகிறார்கள். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது ஜாம் போத்தல் விளக்கு ஒன்றைச் சுற்றி நாலு பேர் இருந்து படித்தோமே, அதுவும் இதுதான்.

இப்போது நீங்கள் முதலில் கேட்ட கேள்வி: யாரிடம் அனுப்புவது? அவர்கள் கேட்காமல் யாரிடமும் அனுப்ப வேண்டாம். நான் மேலே சொன்ன எதற்கும் சான்றிதழ் தேவையில்லை. வயதுவந்த ஒருவருக்கு இந்தச் சோதனைகளைத் தமிழில் ஒழுங்காகச் செய்விப்பது இலகுவான காரியமும் இல்லை. ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களுக்கென்று தரப்படுத்திய சோதனையை மாங்குளத்தில் வளர்ந்தவரிடம் வைத்து முடிவு சொல்வதை நான் நம்பமாட்டேன். அதோடு, இன்று இருபதுகளில் இருக்கும் வன்னிப் பிள்ளைகள் போர் முடிந்த 2009இல் சின்னப் பிள்ளைகள். பதுங்குகுழி, முகாம், தொலைந்த தகப்பன் என்று தொடங்கிய வாழ்க்கை. நித்திரையின்மையும் திடுக்கிடலும் கவனமின்மையும் அங்கிருந்தும் வரும். வெளியே பார்க்க ஏ.டி.எச்.டி. போலவே இருக்கும், இரண்டும் சேர்ந்தும் இருக்கும். இதைப் பிரித்தறிவது உளமருத்துவரின் வேலை. உங்களதும் எனதும் இல்லை.

மாணவர் தானாக வந்து, "மிஸ், எனக்கு ஏதோ பிழையோ?" என்று கேட்டால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு வழி காட்டுங்கள். ஏ.டி.எச்.டி. என்று உறுதியானால் சிகிச்சையும் உண்டு, பலருக்கு நன்றாக உதவும். ஆனால் அந்தப் பிரிவின் வாங்கிலில் அவரோடு வேலை செய்யும் தாதியே இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கிளிநொச்சி சின்ன ஊர். செய்தி ஆளுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடும். கலியாணப் பேச்சு வரைக்கும் போகும். வேண்டுமானால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் தெரிவும் இருக்கட்டும்.

நீங்களாகப் பேச்சைத் தொடங்க வேண்டி வந்தால் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள். "வினாடிவினாவில் எந்த இடத்தில் தடக்குது? விடுதியில் நீர் நல்லாச் செய்யிறீர், எனக்குத் தெரியும். அங்கே எது உதவுது?" இந்த இரண்டு கேள்விக்கு வரும் விடையில் உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி இருக்கும்.

துறைத் தலைவர் சட்டம் கேட்டால்: இலங்கையின் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது, ஆனால் அது தரும் வரைவிலக்கணம் குறுகியது. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, இயலாமை உள்ளோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தின் 24ஆவது உறுப்புரைதான் அகலமானது. உயர்கல்வியில் நியாயமான இசைவாக்கம், அதாவது தேவைக்கேற்ற மாற்றம், செய்து கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் உங்கள் தலைவரைச் சட்டத்தால் மடக்கப் பார்க்காதீர்கள். அவர் பயப்படுவது நோயாளிக்காக. அந்தப் பயத்துக்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

அதற்கு ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். ஒரு பக்கத்தில், எவருக்கும் விட்டுக்கொடுக்க முடியாதவை. இதயம் நின்ற வயதுவந்தவருக்கு நெஞ்சை அழுத்துவது நிமிடத்துக்கு 100 முதல் 120 தரம், 5 முதல் 6 சென்றிமீற்றர் ஆழம். அங்கே நேரமே திறமை, மேலதிக நிமிடம் கிடையாது. மருந்துக் கணக்கின் விடை சரியாக இருக்க வேண்டும், கிட்டத்தட்டச் சரி என்பது பிழை. தொற்று நீக்கிய தட்டில் கை பட்டால் பட்டதுதான். மறுபக்கத்தில், பழக்கத்தால் மட்டும் நாங்கள் வைத்திருப்பவை: கமெரா, ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி, திரும்பிப் போக முடியாத பக்கம், நீண்ட வசனம், கண்ணைப் பார்ப்பது, ஒப்படைக்கு ஞாயிறு இரவு 11.59 என்ற முடிவு நேரம். இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றை மாற்றினால் எந்த நோயாளிக்கு என்ன கேடு வரும் என்று ஒவ்வொன்றாக அவரிடமே கேளுங்கள். அவர் ஏதாவது ஒன்றுக்கு நல்ல காரணம் சொன்னால் அதை முதற்பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். அவரும் விடுதி பார்த்தவர்தானே.

எல்லாவற்றையும் ஒரே பருவத்தில் மாற்றப் போகாதீர்கள், நீங்கள் விழுந்துவிடுவீர்கள். வினாடிவினாவையும் அறிவித்தல் பக்கத்தையும் முதலில் எடுங்கள். இரண்டு மாலை வேலை. குறிப்புகளை அடுத்த பட்சுக்குள் ஒவ்வொன்றாகத் தட்டச்சாக்கலாம். ஒரு மணித்தியால விரிவுரைப் பதிவைப் பத்து நிமிடத் துண்டுகளாக வெட்டி, கூடவே ஒலிக்கோப்பும் போட முடிந்தால் டேட்டாவும் மிஞ்சும்.

மாற்றிய பிறகு நடக்கும் முதல் வினாடிவினாவின் புள்ளிகளை எனக்கு அனுப்பிவிடுங்கள், பெயரில்லாமல். அந்த மூவருடையதை மட்டுமல்ல, மற்ற 38 பேருடையதையும். அவர்களில் எத்தனை பேர் இதுவரை சத்தம் போடாமல் தடக்கிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குப் பார்க்க வேண்டும்.